வேலூரில் புதிய ஆட்டோ, டாக்சி பெர்மிட்டுகளை நியாயமாகப் பகிர்ந்தளிப்பது எப்படி?

வேலூரில் ஓர் அரசு அலுவலகத்துக்கு வெளியே மேசை போட்டு மனு எழுதித் தந்துகொண்டிருந்த காலத்தில், புதிய ஆட்டோ பெர்மிட் வரப்போகிறது என்பதை நான் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதே இல்லை. அறிவிப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒருவர் மஞ்சள் பையோடு வருவார். பைக்குள் பத்துப் பேருடைய ஓட்டுநர் உரிமத்தின் நகல், பத்துப் பேருடைய குடும்ப அட்டையின் நகல், பத்துப் பேருடைய பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாம் தயாராக இருக்கும். பத்து விண்ணப்பத்தையும் எழுதச் சொல்லிவிட்டு, கைப்பேசி எண் கேட்கும் கட்டத்தில் மட்டும் பத்திலும் ஒரே எண்ணை எழுதச் சொல்வார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் முகத்தையும் நான் நேரில் பார்த்ததில்லை. சில மாதங்கள் கழித்து அந்த வண்டிகள் சாலைக்கு வரும்போது, அவற்றை ஓட்டுகிறவர்கள் படத்தில் இருந்தவர்களாகவும் இருக்கமாட்டார்கள். நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்களாக இருப்பார்கள்.

பெர்மிட் நியாயமாகப் பகிரப்பட்டதா என்பதை அளக்க என்னிடம் இருக்கும் கோல் இதுதான்: பெர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நாள் வாடகை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டில் 300 நாள் ஓடும் வண்டி உரிமையாளருக்கு 90,000 ரூபாயும், பெர்மிட்டின் ஐந்தாண்டு ஆயுளில் நான்கரை லட்சம் ரூபாயும் ஈட்டித் தருகிறது. அரசு கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த ஒரு தாள், ஓட்டாதவருக்கு இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்குமானால், அந்தத் தாளைக் கைப்பற்ற என்னவெல்லாம் நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கீழே எழுதியிருப்பவை மாவட்ட நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும், தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும் பயன்படக்கூடிய நடைமுறைக் குறிப்புகள்.

யாருக்கு எந்த அதிகாரம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 66-ஆம் பிரிவின்படி, வாடகைக்கு ஓடும் எந்த வண்டிக்கும் பெர்மிட் வேண்டும். அதை வழங்குவது 68-ஆம் பிரிவின் கீழ் அமைக்கப்பட்ட வட்டாரப் போக்குவரத்து ஆணையம். ஆட்டோவும் டாக்சியும் ஒப்பந்த ஊர்தி, அதாவது முழு வண்டியையும் பேசி வாடகைக்கு எடுக்கும் வண்டி, என்ற வகையில் வருவதால், 73-ஆம் பிரிவின்படி விண்ணப்பமும் 74-ஆம் பிரிவின்படி ஆணையும் தேவைப்படுகின்றன. மாநகராட்சிக்குப் பெர்மிட் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் வண்டிகள் எங்கே நிற்கலாம் என்பதை 117-ஆம் பிரிவின் கீழ் முடிவு செய்யும்போது உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதால், மாநகராட்சியும் இதில் பாதிப் பங்காளிதான். இந்தப் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைப்பது அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பெர்மிட் கேட்டு வரும் விண்ணப்பத்தைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்பதே 80-ஆம் பிரிவின் பொது விதி. மக்கள்தொகை 5 லட்சத்துக்குக் குறையாத நகரங்களில், மத்திய அரசு பணித்தால், மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு ஒப்பந்த ஊர்திகளின் எண்ணிக்கையை வரையறுக்கலாம் என்று 74(3) சொல்கிறது. 2008-இல் மாநகராட்சியான வேலூர், பின்னர் காட்பாடியையும் சத்துவாச்சாரியையும் சேர்த்துக்கொண்ட பிறகு, இந்த 5 லட்சம் என்ற கோட்டை ஒட்டி நிற்கும் நகரம். ஆகவே வரம்பு வைப்பதானால் முதலில் அதற்கான அறிவிக்கை கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; வாய்மொழியாக நிறுத்தி வைப்பது, அதாவது 'இப்போதைக்கு எடுப்பதில்லை' என்று ஜன்னலில் சொல்லி அனுப்புவது, புரோக்கருக்கு மட்டுமே கதவைத் திறந்து விடும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பேட்டரியில் ஓடும் வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் விலக்கு அளித்துவிட்டது. பெட்ரோல், கேஸ், டீசல் ஆட்டோக்களுக்கு மட்டும் வரம்பு கட்டிவிட்டு நெரிசல் குறையும் என்று காத்திருப்பது, ஏரியில் ஒரு மதகை மட்டும் அடைத்துவிட்டு நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

மேசையிலிருந்து எண்ணாமல் இடத்துக்குப் போய் எண்ணுங்கள்

இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் ஒரு நல்ல பழக்கத்தை உண்டாக்கியது. டாக்சி உரிமத்தை எண்ணிக்கையைக் காட்டி மறுக்க விரும்பும் உள்ளாட்சி, அந்த ஊரில் நிறைவேறாத தேவை குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று தன்னைத் திருப்திப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்காக நிறுத்தங்களில் ஆளை நிறுத்தி எண்ணுகிறார்கள். நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், எண்ணும் முறையை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. எண்ண வேண்டியவை இரண்டே இரண்டு: வண்டிக்காக ஆள் எவ்வளவு நேரம் நிற்கிறார், ஆளுக்காக வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது.

வேலூரில் இந்தக் கணக்கு நேரத்துக்கு நேரம், இடத்துக்கு இடம் தலைகீழாக மாறும். காலை பத்து மணிக்கு சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தால் ஊரில் ஆட்டோ மிகுதி என்று தோன்றும். அதே நாள் விடியற்காலை மூன்றரை மணிக்குக் காட்பாடி ரயில் நிலைய வாசலில் நின்றால் வேறு காட்சி தெரியும். வங்காளத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ ஒரு நாளுக்கு மேல் ரயிலில் வந்த குடும்பம், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்த ஒரு பெரியவர், உட்காரக்கூட முடியாத நோயாளி, நாலு பெட்டி. எதிரே இரண்டு மூன்று வண்டிகள். அந்த நேரத்தில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டக் கேட்கப்படும் கூலி, பகல் கூலிக்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கும். பகலில் எண்ணிய அதிகாரி 'போதும்' என்று எழுதுவார். இரவில் எண்ணியவர் 'போதாது' என்று எழுதுவார். இருவரும் எழுதியது உண்மையே. ஆகவே ஒரே எண்ணை நகரம் முழுமைக்கும் நிர்ணயிப்பதற்கு முன், எந்த இடத்தில் எந்த நேரத்தில் பற்றாக்குறை என்று ஒரு வரைபடமே தயாரிக்க வேண்டியிருக்கிறது. காட்பாடி சந்திப்பு, பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம், பாகாயம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வி.ஐ.டி. வாசல், ஸ்ரீபுரம் ஆகிய ஏழு இடங்களில் வாரநாள் இரண்டும் ஞாயிறு ஒன்றுமாக மூன்று நாள்கள், இருபத்து நான்கு மணி நேரமும் எண்ணினால் ஓரளவுக்குத் தெளிவு கிடைக்கும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு விழா, ரத்தினகிரி ஆடிக் கிருத்திகை போன்ற நாள்களை எண்ணிக்கைக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த நாள்களில் எத்தனை வண்டி இருந்தாலும் போதாது என்றுதான் காட்டும்.

வண்டிகளின் பக்கத்தை எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. பதிவேட்டில் இருக்கும் ஆட்டோக்களும் சாலையில் ஓடும் ஆட்டோக்களும் ஒன்றல்ல. எப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, காலாவதியாகி வீட்டு வாசலில் துருப்பிடிப்பவை பதிவேட்டில் உயிரோடு இருக்கும். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களான பின், ஓடும் இடம் ஒரு மாவட்டமும் பதிவு இன்னொரு மாவட்டமுமாக இருக்கும் வண்டிகளைப் பிரித்தறிவதும் கடினமாகியிருக்கிறது. டி.என். 23 என்ற எண்ணைப் பார்த்து வேலூர் வண்டி என்றும், 73 என்பதைப் பார்த்து ராணிப்பேட்டை வண்டி என்றும் முடிவு கட்டினால் கணக்குத் தப்பும். நடப்பில் இருக்கும் எப்.சி., நடப்பில் இருக்கும் காப்பீடு ஆகிய இரண்டும் உள்ளவற்றை மட்டும் ஓடும் வண்டியாகக் கொள்வது எளிய வழி.

இப்படி எண்ணியபின், பல இடங்களில் குறைவது வண்டியல்ல, இரவில் ஓட்டுகிற ஆள் என்று தெரியவரலாம். அப்போது புதிய பெர்மிட்டுகளில் ஒரு பகுதியை, வாரத்தில் குறிப்பிட்ட இரவுகளில் காட்பாடி நிலையத்தில் முறை வைத்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வழங்கலாம். குறிப்பிட்ட பகுதிக்கு என்று நிபந்தனை விதிக்க 74(2) இடமளிக்கிறது. ஆனால் இரவில் நிற்கச் சொல்பவர்கள் இரவுக்கு உரிய கட்டணத்தையும் சட்டப்படி நிர்ணயித்துத் தர வேண்டும். சென்னைக்கு 2013-இல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தபோது, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு வாங்கலாம் என்றும் சேர்த்தே ஆணையிட்டார்கள். கட்டணம் வைக்காமல் கடமை மட்டும் வைத்தால், ஓட்டுநர் அந்த இரவுகளில் உடம்பு சரியில்லை என்றுதான் சொல்வார்.

யார் விண்ணப்பிக்கலாம்

தகுதி விதிகள் அறிவிப்போடு சேர்ந்தே, தமிழில், வெளியாக வேண்டும். ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டினால் போதாது. வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் ஆகிய ஆறு வட்டாட்சியர் அலுவலகங்களிலும், எல்லா ஆட்டோ ஸ்டாண்டுகளிலும் ஒரே நாளில் ஒட்டப்பட வேண்டும். அறிவிப்புக்கும் விண்ணப்பம் வாங்கத் தொடங்குவதற்கும் இடையே குறைந்தது முப்பது நாள் இடைவெளி இருந்தால், மஞ்சள் பைக்காரருக்கு முன்கூட்டித் தெரிந்ததில் பயனில்லாமல் போகும். மொத்த நடைமுறையில் செலவே இல்லாத சீர்திருத்தம் இது ஒன்றுதான்.

ஒருவருக்கு ஒரு பெர்மிட். குடும்ப அட்டை ஒன்றுக்கு ஒரு பெர்மிட். ஏற்கெனவே பெயரில் வண்டி இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது. இவற்றைச் சரிபார்ப்பது இன்று கடினமில்லை. ஒரே கைப்பேசி எண், ஒரே வங்கிக் கணக்கு, ஒரே முகவரி ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் வந்தால் அவற்றைத் தனியே எடுத்து வைத்து, விண்ணப்பதாரரை நேரில் வரச் சொல்லி, ஒரு வண்டியை ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். பத்தில் எட்டுப் பேர் வரமாட்டார்கள் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்வேன்.

உண்மையான இடர்ப்பாடு அனுபவத்தை நிரூபிப்பதில் இருக்கிறது. இருபது ஆண்டாக வாடகை வண்டி ஓட்டியவரிடம் அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது, ஆர்.சி. புத்தகம் முதலாளி பெயரில், பெர்மிட் முதலாளி பெயரில், காப்பீடு முதலாளி பெயரில். 'முதலாளியிடம் சான்று வாங்கி வா' என்று சொல்வது, யாரிடமிருந்து அவர் விடுபட நினைக்கிறாரோ அவர் கையிலேயே அவரை மறுபடி ஒப்படைப்பதாகும். ஆகவே ஆதாரங்களைத் தாராளமாக ஏற்க வேண்டும்: உரிமம் வழங்கப்பட்ட தேதி, பேட்ஜ், அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டை, ஸ்டாண்டில் வைத்திருக்கும் வரிசை நோட்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றதற்குப் பெற்றோர் தரும் கடிதம். எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டுநர் தன் அனுபவத்துக்குச் சான்றாகப் போக்குவரத்துக் காவலர் போட்ட அபராதச் சீட்டுகளை ஒரு ரப்பர் பேண்டில் கட்டிக் கொண்டுவந்தார். தேதி, இடம், வண்டி எண், ஓட்டியவர் பெயர் எல்லாம் அதில் இருந்தன; அதைவிடத் துல்லியமான பணிப்பதிவேட்டை நான் பார்த்ததில்லை. குடிபோதையில் ஓட்டியது, விபத்தில் காயப்படுத்தியது போன்றவற்றைத் தகுதிக் குறைவாகக் கொள்ளலாம். சீருடை போடாததற்கு வாங்கிய அபராதத்தைக் கொள்ளக் கூடாது.

தகுதி விதி தொழிலோடு தொடர்புடையதாக மட்டும் இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் புதிய ஆட்டோ பெர்மிட்டுக்கு மராத்தி தெரிந்திருக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையை மும்பை உயர் நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்தது. வேலூரில் அப்படியொரு யோசனை யாருக்காவது வந்தால், சி.எம்.சி. பக்கம் போய்ப் பார்க்கட்டும்; வங்காளியில் கூலி பேசத் தெரிந்த ஓட்டுநர்கள்தான் அங்கே பிழைக்கிறார்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் வருபவருக்கு முதலில் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். நடப்பில் அது, இணையதளம் திறக்கும் நிமிடத்தில் கணினி மையத்தில் பத்துப் பேருக்குப் பணம் கட்டத் தயாராக உட்கார்ந்திருப்பவருக்கே சாதகமானது. அந்த நேரத்தில் உண்மையான ஓட்டுநர் யாரையோ ஏற்றிக்கொண்டு பாகாயம் போய்க்கொண்டிருப்பார்.

ஏலம் அரசுக்கு வருமானம் தரும். ஆனால் பெர்மிட் விலைக்குப் போகும் பொருளாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதை மற்ற ஊர்களில் பார்க்கலாம். நியூயார்க் நகரம் 1937-இல் டாக்சிகளுக்கு வரம்பு கட்டியது. உரிமத்தை விற்கவும் வாங்கவும் அனுமதித்ததால், 2014 வாக்கில் ஒன்றின் விலை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பின்னர் செயலி வழி வண்டிகள் பெருகி விலை சரிந்தபோது, கடன் வாங்கி உரிமம் வாங்கியிருந்த ஓட்டுநர்கள் மீளமுடியாமல் சிக்கிக்கொண்டார்கள். நம் நாட்டிலேயே, தில்லியில் ஆட்டோ எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் 1997-இல் நிறுத்தி வைத்து, 2011-இல்தான் 1 லட்சம் வரை உயர்த்த அனுமதித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வண்டியைவிடப் பெர்மிட் விலை உயர்ந்ததும், பைனான்ஸ்காரர்கள் கையில் பெர்மிட்டுகள் குவிந்ததும் எல்லாரும் அறிந்தவை. வரம்பும் கைமாற்றும் சேர்ந்தால் பெர்மிட் சொத்தாகிவிடும். சொத்தான பிறகு அதைத் திருத்த முயன்றால், நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கியவர் நஷ்டப்படுவார். அயர்லாந்து 2000-இல் வரம்பை நீக்கியபோது, பெருந்தொகை கொடுத்து உரிமம் வாங்கியிருந்தவர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

அதிகாரி மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பரிந்துரைக் கடிதங்களை எழுதியே ஒரு வருடம் பிழைத்திருக்கிறேன்.

எஞ்சுவது குலுக்கல். அதையும் எல்லாரையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்கினால், நேற்று உரிமம் எடுத்தவரும் இருபது ஆண்டு ஓட்டியவரும் ஒன்றாகிவிடுவார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். அதில் பாதியைத்தான் சொல்கிறோம். ஓலையைக் குடத்தில் இடுவதற்கு முன்பே வயது, சொத்து, கல்வி, ஒழுக்கம் என்று தகுதியை வரையறுத்து, முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிவிட்டுத்தான், குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளுக்கும் தனித்தனியே, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் சொன்னார்கள். வடிகட்டுவது முதலில், குலுக்குவது பிறகு. சொத்துத் தகுதியை விட்டுவிட்டு மற்றதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நூறு பெர்மிட் இருக்கிறது என்று கொள்வோம். பத்தாண்டுக்கு மேல் ஓட்டியவர்களுக்கு ஐம்பது, ஐந்து முதல் பத்தாண்டு வரை ஓட்டியவர்களுக்கு முப்பது, அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு இருபது என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குடம் வைக்கலாம். எல்லாவற்றையும் மூத்தவர்களுக்கே கொடுத்தால், இளைஞர் பத்தாண்டு நாள் வாடகை கட்டிவிட்டுத்தான் சொந்தமாக ஓட்ட முடியும் என்றாகும். ஒரு முறை குலுக்கலில் தவறியவருக்கு அடுத்த முறை ஒரு சீட்டு கூடுதலாகப் போடலாம். மூன்று முறை தவறியவருக்கு நான்கு சீட்டு இருக்கும். அதிர்ஷ்டத்தின் மேல் இருக்கும் கசப்பு பாதி தணிந்துவிடும்.

சில நூறு பேர் வரும் குலுக்கலுக்குக் கணினி வேண்டாம் என்பது என் கருத்து. பொத்தானை அழுத்தியதும் திரையில் பெயர் வருவதை எந்த ஓட்டுநரும் நம்புவதில்லை. நம்பாததற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே அளவுத் தாளில் எண்ணை எழுதி, குடத்தில் போடும் முன் எல்லார் எதிரிலும் உரக்க எண்ணி, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குடத்தில் இட்டு, எல்லாச் சங்கத்துப் பிரதிநிதிகளும் பார்க்க எடுக்க வேண்டும். முடிந்ததும் வெளியே எடுத்த சீட்டுகளையும் குடத்தில் மிஞ்சியவற்றையும் மறுபடி எண்ணிக்காட்ட வேண்டும். இந்தக் கடைசி எண்ணிக்கையை விட்டுவிட்டால் மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே வதந்தி தொடங்கிவிடும்.

முன்னுரிமையும் பணமும்

எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட இடத்தில், மற்றவை சமமாக இருக்கும்போது கூட்டுறவுச் சங்கங்கள், முன்னாள் படைவீரர்கள் போன்றோருக்கு முன்னுரிமை என்று 74(3) சொல்கிறது. ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டத்தில் இது சிறிய செய்தியல்ல. 'மற்றவை சமமாக இருக்கும்போது' என்ற சொற்களை மறந்து, வரிசையின் தலையிலேயே அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஓய்வூதியம் உள்ளவருக்கு இன்னொரு வருமானமும் ஓய்வூதியம் இல்லாத வாடகை ஓட்டுநருக்கு ஏமாற்றமும் கிடைக்கும். ஒரே அனுபவப் பிரிவுக்குள், ஓட்டத் தயாராக இருக்கும் முன்னாள் படைவீரருக்குச் சில இடங்களைத் தனியே ஒதுக்குவது சட்டத்தின் சொல்லுக்கும் பொருந்தும், நியாயத்துக்கும் பொருந்தும். பெண்களுக்கும் திருநங்கையருக்கும் தனிக் குடம் வைப்பது நல்லது. மனைவி பெயரில் பெர்மிட்டும் கணவர் கையில் வண்டியும் என்று ஆகாமலிருக்க, அவர்களிடமும் ஓட்டிக்காட்டும் தேர்வை விட்டுக்கொடுக்கக் கூடாது.

விண்ணப்பதாரரின் நிதி நிலையைப் பார்க்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. இதைச் சொத்து மதிப்புச் சான்று என்று பொருள்கொண்டால் ஏழை ஓட்டுநர் வாசலிலேயே நின்றுவிடுவார். வங்கி தரும் கடன் ஒப்புதல் கடிதத்தைப் போதுமான சான்றாக ஏற்க வேண்டும். தேர்வானவருக்கு உடனே ஒப்புதல் ஆணை கொடுத்து, வண்டி வாங்க ஆறு மாதம் அவகாசம் தந்து, அந்த ஆணையைக் காட்டினால் கடன் பரிசீலிக்கும்படி வங்கிகளையும், தாட்கோவையும், மாவட்டத் தொழில் மையத்தையும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தால் பெரும் உதவியாக இருக்கும். முப்பது நாள் அவகாசம் மட்டும் கொடுத்தால், அந்த முப்பதாம் நாள் மாலை பைனான்ஸ்காரர் வந்து நிற்பார். பெர்மிட் ஓட்டுநர் பெயரிலும், ஆர்.சி.யும் சாவியும் அவரிடமும் இருக்கும்.

ஸ்டாண்டு இல்லாத பெர்மிட்

பெர்மிட் கிடைத்த மகிழ்ச்சியோடு புது வண்டிக்கு மஞ்சள் பூசி, எலுமிச்சை கட்டி, ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் பூஜை போட்டுவிட்டு நேரே ஸ்டாண்டுக்குப் போகும் புதியவருக்கு அங்கே கிடைக்கும் பதில், 'இடம் இல்லை அண்ணே, வேற எங்கயாவது பாருங்க' என்பதாக இருக்கலாம். ஸ்டாண்டில் சேர ஒரு தொகை, சேர்ந்தபின் மாதச் சந்தா, ஒருவர் விலகினால் அவர் இடத்துக்கு ஒரு விலை. எல்லாக் கொடிகளின் கீழும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. எந்த ஒரு சங்கத்தையும் தனித்துக் குறை சொல்வதற்கில்லை. சங்கங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: பத்து வண்டி நிற்கும் இடத்தில் முப்பது வண்டி நின்றால் யாருக்கும் சவாரி கிடைக்காது, சண்டை வந்தால் பிரித்துவிடுவதும், விபத்தில் அடிபட்டவருக்கு மருத்துவச் செலவுக்குத் திரட்டுவதும் சங்கம்தான்.

ஆனாலும் ஸ்டாண்டு நிற்கும் நிலம் பொதுச் சாலை. அதை யாரும் விற்க முடியாது. ஆகவே புதிய பெர்மிட் அறிவிக்கும் முன்பே மாநகராட்சி, காவல்துறை, போக்குவரத்து அலுவலகம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு ஸ்டாண்டையும் அளந்து, எத்தனை வண்டி நிற்கலாம் என்று பலகையில் எழுதிவிட வேண்டும். நூறு பெர்மிட் கொடுத்தால் நூறு வண்டி நிற்க இடம் எங்கே என்று அதே ஆணையில் இருக்க வேண்டும். வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிக்கு முதல் சவாரி என்ற வழக்கமான விதி நல்ல விதி. அந்த வரிசையில் உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்ற வேறுபாடு இருக்கக் கூடாது. காட்பாடி நிலையம் போன்ற இடங்களில் நிலம் ரயில்வேக்கு உரியது என்பதால், அவர்களோடு முன்கூட்டியே எழுத்துவழி உடன்பாடு செய்துகொள்வது அவசியம். பெர்மிட் கொடுத்தபின் பேசலாம் என்று விட்டால், வண்டிகள் நிலையத்துக்கு வெளியே சாலையின் குறுக்கே நிற்கும், அபராதம் ஓட்டுநருக்குப் போகும்.

கொடுத்த பிறகு

பெர்மிட்டின் ஆயுள் ஐந்தாண்டு. அதற்குள் மாற்றிக் கொடுக்க ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்று 82-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த அனுமதியைக் கேட்டவுடன் கொடுப்பது வழக்கமாகிவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். ஓட்ட முடியாதவர் பெர்மிட்டை ஆணையத்திடம் திருப்பித் தர வேண்டும், அது காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போக வேண்டும் என்பதை வழங்கும்போதே நிபந்தனையாக எழுதிவிடலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஸ்டாண்டுகளில் பெர்மிட்டில் இருக்கும் படத்தையும் ஓட்டுபவர் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பினாமிகள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடுவார்கள். உடல்நிலை சரியில்லாதவர், பிரசவத்துக்குப் போன பெண் ஓட்டுநர் போன்றோருக்குக் குறிப்பிட்ட மாதங்களுக்கு மாற்று ஓட்டுநர் வைத்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி தரும் வழியும் இருக்க வேண்டும்.

மரணத்துக்கு மட்டும் வேறு கணக்கு. பெர்மிட்தாரர் இறந்தால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் முப்பது நாளுக்குள் தகவல் தெரிவித்துவிட்டு மூன்று மாதம் அதே பெர்மிட்டில் வண்டியை இயக்கலாம். அந்த மூன்று மாதத்துக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கணவரை இழந்த ஒரு பெண், காரியம், நாற்பதாம் நாள், வாரிசுச் சான்றுக்கான அலைச்சல் எல்லாம் முடிந்து என் மேசைக்கு வந்தபோது நான்காவது மாதம் பிறந்திருந்தது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல ஜன்னலுக்கு உள்ளே யாரும் இல்லை. இறப்புப் பதிவு நடக்கும் இடத்திலேயே இந்த ஒரு பக்கக் குறிப்பையும் விண்ணப்பப் படிவத்தையும் வைத்திருந்தால் அந்தப் பெண் மூன்று முறை வந்திருக்க வேண்டியதில்லை.

மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தை எழுதித் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதும் சட்டம்தான். 'தகுதியில்லை' என்ற ஒற்றைச் சொல் காரணமாகாது. எந்த விதி, எந்த ஆவணம் என்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அவர் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவதா, விடுபட்ட ஆவணத்தைத் தேடுவதா என்று முடிவு செய்ய முடியும். தேர்வானவர் பட்டியலோடு தேர்வாகாதவர் பட்டியலையும், எந்தப் பிரிவுக் குடத்தில் எத்தனை சீட்டு இருந்தது என்பதையும் சேர்த்து ஒட்டிவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருக்கும் மனுக்களின் எண்ணிக்கையும் குறையும்.

குலுக்கலில் எடுத்த சீட்டுகள், எடுக்காத சீட்டுகள், எண்ணிக்கைத் தாளில் சங்கப் பிரதிநிதிகள் போட்ட கையெழுத்துகள், ஒளிப்பதிவு ஆகிய நான்கையும் ஒரே உறையில் அரக்கு வைத்து மூடி, கடைசி மேல்முறையீடு முடியும் வரை கருவூலத்தில் வைக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலுக்கு இரண்டாண்டு ஆயுள் போதும். மூன்றாம் ஆண்டு மறுபடி காட்பாடி நிலையத்தில், விடியற்காலை மூன்றரை மணிக்கு, எண்ணத் தொடங்க வேண்டியிருக்கும்.